ராஜா ஒரு தரம் தாண்டிய சனிக்கிழமை

சனிக்கிழமைகளில் ஒரு மணிக்கு டிஸ்பென்சரியைப் பூட்டுவோம். ஒன்றரைக்கு நான் பள்ளிக்கூட மண்டபத்தில் இருக்க வேண்டும். இடையில் மூன்று வேலைகள்: கையில் ஒட்டிய மருந்து வாசம் போகக் கழுவுவது, இரண்டு துண்டு பாண் சாப்பிடுவது, வாவிக் கரையோடு வேகமாக நடப்பது. நேரம் போதாவிட்டால் விடுபடுவது எப்போதும் பாண்தான்.

மருந்து கலப்பது என் தொழில். அதற்காகக் கொழும்பில் இரண்டு வருடம் படித்தேன். அந்தப் படிப்பு ஆளைப் பட்டியல் போடுபவளாக மாற்றிவிடும். எந்த மருந்து, எத்தனை துளி, எத்தனை வேளை, குலுக்க வேண்டுமா, வெளிப்பூச்சுக்கு மட்டுமா என்று நாள் முழுவதும் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தால், வீட்டுக்கு வந்த பிறகும் கை நிற்காது. ஒரு முறை சமையலறை டின்களுக்கெல்லாம் சீட்டு ஒட்டினேன். அம்மா ஒரு சீட்டை உரித்து என் நெற்றியில் ஒட்டி, "இதுக்குள்ள என்ன இருக்குன்னு முதல்ல எழுது" என்றார்.

சதுரங்கத்தையும் கொழும்பில்தான் கற்றேன். விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த பறங்கிப் பெண்ணிடம் ஒரு பலகையும், விதிகள் அச்சிட்ட சிறு புத்தகமும் இருந்தன. பரீட்சை முடிந்து பிரியும்போது பலகையையும் காய்களையும் அவள் எடுத்துக்கொண்டாள். புத்தகத்தை எனக்குத் தந்தாள். ஆகவே கண்டிக்குத் திரும்பியபோது என்னிடம் எல்லா விதிகளும் இருந்தன, காய் ஒன்றுகூட இல்லை.

காய்கள் டிஸ்பென்சரியில் கிடைத்தன. மலேரியாக் காய்ச்சல் ஊர் ஊராகச் சுற்றி ஓய்ந்த அடுத்த வருடம் அது. கொயினா மருந்து ஊற்றிக் கொடுத்துக் கொடுத்து, பழைய தக்கைகள் இரண்டு சாக்கு சேர்ந்திருந்தன. அவற்றைக் கொதிநீரில் போட்டு எடுத்து, வெயிலில் காயவைத்தேன். சிறு குப்பிகளின் தக்கைகள் சிப்பாய்கள். பெரிய போத்தல்களின் தக்கைகளை அப்படியே நிறுத்தினால் கோட்டை. ஒரு பக்கம் சரிவாக வெட்டினால் குதிரை. உச்சியில் ஒரு கீறல் போட்டால் மந்திரி. குண்டூசி ஒன்று குத்தியது ராணி, இரண்டு குத்தியது ராஜா. பாதியைத் தக்கை நிறத்திலேயே விட்டு, மறு பாதியைப் புண்ணுக்குப் பூசும் ஊதா மருந்தில் முக்கி எடுத்தேன். அந்த மருந்து லேசில் விடாது. என்னிடம் சதுரங்கம் படித்த பிள்ளைகளை வீதியில் விரலைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்.

இப்படித் தக்கைகளோடு நான் தனியே ஆடிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், வாவிக் கரைப் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை உள்ளே வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் இருபது வருடம் இருந்தும் பேச்சில் ஒரு சொல்லைக்கூட மாற்றிக்கொள்ளாதவர். பிள்ளைகள் அவரைப் பெரிய டீச்சர் என்பார்கள். அவருக்கு வேண்டியது ஒரு போத்தல் அயடீன்.

"என்ன பிள்ளை, உம்மோடை நீரே விளையாடுறீரோ? ஆர் வெல்லுறது?"

"ஊதாதான் பெரிய டீச்சர்."

"அப்ப மற்றப் பக்கத்துக்கு நல்ல ஆள் இல்லை. சனிக்கிழமை பின்னேரம் என்ரை பிள்ளையள் மண்டபத்திலை வாங்கு மேசையளைப் பிரட்டிப்போட்டு ஓடித் திரியுதுகள். வந்து இதைச் சொல்லிக் குடுமன். கொஞ்ச நேரம் இருக்கவாவது பழகட்டும்."

அப்படித் தொடங்கியது. எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வரை பதினான்கு பிள்ளைகள். நான் கற்றுக்கொடுத்த முதல் பாடம் சதுரங்கமே அல்ல, மருந்து அறைப் பழக்கம். எங்கள் தொழிலில் போத்தலை இறாக்கையிலிருந்து எடுக்கும்போது ஒரு தரம் அதன் சீட்டைப் படிக்க வேண்டும், ஊற்றுமுன் ஒரு தரம், திரும்ப வைக்கும்போது ஒரு தரம். பலகையிலும் மூன்று பார்வை என்றேன். எதிரில் இருப்பவர் ஏன் அதை அங்கே வைத்தார்? நான் வைக்கப்போகும் கட்டத்தை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்? நான் விட்டுப்போகும் கட்டம் என்ன ஆகும்? மூன்றும் முடியும்வரை இரண்டு கைகளும் தொடைக்குக் கீழே. பதினான்கு பிள்ளைகள் கைகளின் மேல் உட்கார்ந்திருப்பதை ஜன்னலால் பார்த்த காவற்காரர், ஏதோ தண்டனை என்று நினைத்து, "பாவம் மிஸ், விட்டுடுங்க" என்று பரிந்துபேச வந்தார்.

இரண்டாவது சனிக்கிழமை சண்டை வந்தது. எனக்கு அது எதிர்பாராத சண்டை. பிள்ளைகளுக்குச் சதுரங்கம் தெரியாது என்று நினைத்து வந்திருந்தேன். அவர்களில் சிலருக்குத் தெரியும். ஆளுக்கொரு மாதிரித் தெரியும்.

கெலிஓயாவிலிருந்து வருபவள் ஒரு துணிக்கடைக்காரரின் மகள். பத்து வயது, குரல் மட்டும் நாற்பது வயது. ஆட்டம் தொடங்கியதும் அவள் இரண்டு சிப்பாய்களை ஒரே சமயத்தில் நகர்த்தினாள்.

"ஒண்டுதான் நகர்த்தலாம்" என்றான் எதிரே இருந்தவன். தபால் கந்தோரில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்தவர் ஒருவரின் மகன். எதற்கும் அப்பாவைச் சாட்சிக்கு அழைப்பவன்.

"எங்கட ஊட்ல மொதல்ல ரெண்டுதான். பெரிய வாப்பா செல்லித் தந்தது."

"என்ரை அப்பா இங்கிலீசிலை வாசிச்சவர்."

"எங்கட பெரிய வாப்பா மக்கத்துக்கே பெய்த்து வந்தவரு. ஒங்கட அப்பா தபால் கந்தோருக்குத்தானே போற?"

அவன் பதில் சொல்ல யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் மூன்றாவது சிப்பாயையும் நகர்த்திவிட்டாள். அதற்குள் வேறொரு வழக்கு. தபால்காரர் மகனுக்கும் ஒரு வீட்டுச் சட்டம் இருந்தது தெரியவந்தது: கடைசிக் கட்டத்தை அடைந்த சிப்பாய், ஏற்கெனவே வெட்டுப்பட்ட காயாகத்தான் மாறலாமாம். அவன் அப்பாவின் சொல் அது. புத்தகத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "புத்தகத்திலை பிழை விட்டிட்டினம்" என்றான்.

மூன்றாவது பிள்ளை வத்தேகமப் பக்கத்துத் தோட்டமொன்றின் கணக்கப்பிள்ளை வீட்டுப் பெண். பதினொரு வயது. காலையில் மாத்தளைப் பாதை ரயிலில் வந்து, மாலை ரயிலில் போவாள். தோட்டத்தில் விடுமுறை நாட்களில் அவளுடைய மாமா தரையில் கரிக்கட்டியால் கட்டம் போட்டு ஆடுவாராம். அவள் பக்கத்தில் இருந்து பார்த்தே கற்றவள். வகுப்பில் ஒருவராலும் அவளை வெல்ல முடியாது. சண்டை நடந்தபோதெல்லாம் அவள் வாய் திறக்கவில்லை. அமைதியான பிள்ளைக்கு விதிகள் எல்லாம் ஒழுங்காகத் தெரியும் என்று நான் முடிவு செய்தேன். மருந்து அறையில் அப்படி ஒரு முடிவை நான் ஒருநாளும் செய்திருக்க மாட்டேன்.

சண்டை தீர ஒரே வழி பட்டியல் என்று எனக்குத் தோன்றியது. பெரிய தாளில், போத்தல் சீட்டு எழுதும் அதே எழுத்தில், பதினேழு விதிகள் எழுதிச் சுவரில் ஒட்டினேன். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்பது மூன்றாவது. சிப்பாய் எந்தக் காயாகவும் மாறலாம் என்பது ஒன்பதாவது. பதினொன்றாவது, ராஜா கோட்டைக்குப் பின்னால் ஒளியும் நகர்வு. எழுத்தில் விளக்கினால் இரண்டு பத்தி வரும். ஆகவே, "ராஜாவுக்கு ஆட்டத்தில் ஒரே ஒரு தரம் ஒரு சலுகை உண்டு, அது பலகையில் காட்டப்படும்" என்று எழுதி நிறுத்தினேன். அடுத்த சனிக்கிழமை எல்லாருக்கும் பலகையில் காட்டினேன். எல்லாருக்கும் என்று சொன்னால் பிழை. அந்த வாரம் மழையில் மண் சரிந்து மாத்தளை ரயில் ஓடவில்லை. வரவுப் பட்டியலில் தோட்டத்துப் பெண்ணின் பெயருக்கு நேரே நானே ஒரு புள்ளி வைத்தேன். அதற்கு அடுத்த வாரம், அவள் எதைத் தவறவிட்டாள் என்று யோசிக்கவில்லை.

பட்டியல் வந்தபின் சண்டை குறைந்தது, நிற்கவில்லை. இப்போது பட்டியலைக் காட்டிச் சண்டை பிடித்தார்கள். ஒரு நாள் கெலிஓயாப் பெண்ணின் வாப்பாவே மண்டப வாசலில் வந்து நின்றார்.

"மகள், இதுல தாயக்கட்டை உருட்றதெல்லாம் ஈக்கா?" என்று, சூதாட்டமோ என்ற சந்தேகத்தோடு என்னைக் கேட்டார்.

"இல்லை நானா. யோசனை மட்டும்தான்."

அவர் உள்ளே வந்து, தக்கைகளை எடுத்துப் பார்த்து, மகளுக்கு எதிரே உட்கார்ந்து இரண்டு சிப்பாய்களை ஒன்றாக நகர்த்தினார். "வாப்பா, சுவத்தப் பாருங்க!" என்று அவள் கத்திய கத்தலில் பெரிய டீச்சர் தன் அறையிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

அன்று பின்னேரம் பிள்ளைகள் போனதும் அவர் என்னை இருக்கச் சொன்னார்.

"பிள்ளை, உம்மிலை எனக்குக் குறை இல்லை. ஆனா இருக்கப் பழக்கச் சொல்லித்தானே கேட்டனான்? இதுகள் இருந்துகொண்டு சந்தையிலை போலக் கத்துதுகள். தையல் டீச்சர் மூண்டு மாசமாய் மண்டபத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறா. அங்கை ஊசி விழுந்தாலும் கேக்கும்."

பள்ளிக்கூடத்தில் வேறு அறைகளில் மேசை இல்லை, எங்கள் வீட்டில் இடமில்லை. மண்டபம் போனால் வகுப்பு போகும். வாரமெல்லாம் இருமலையும் வயிற்றுவலியையும் கேட்டுவிட்டு சனிக்கிழமைக்குக் காத்திருப்பதற்கு இருந்த ஒரே காரணம் அது.

"வாவிக்கு அந்தப் பக்கத்துப் பெடியள் பள்ளிக்கூடத்திலையிருந்து மூண்டு பேர் வருகினம் எண்டீர். வரட்டும். அண்டைக்குச் சண்டைச் சத்தம் என்ரை காதிலை விழாட்டி மண்டபம் உம்முடையது. விழுந்தால் தையலுக்கு."

அந்தப் போட்டி எப்படி வந்தது என்றால், அப்பள்ளிக்கூடத்து மாஸ்டர் ஒருவர் இருமல் மருந்துக்கு வந்தபோது கவுண்டரில் ஊதாக் குதிரை ஒன்றைப் பார்த்து, அது என்ன மருந்து என்று கேட்டதில் வந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம்.

போட்டிக்கு முந்திய சனிக்கிழமை பிள்ளைகளிடம் விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். தோற்றால் பரவாயில்லை, சத்தம் போட்டால் மண்டபம் போய்விடும் என்றேன். கெலிஓயாப் பெண் கையை உயர்த்தினாள்.

"அவங்க பிழையா வெளயாடினாலும் செல்லக் கூடாதா?"

"சொல்லலாம். மெல்லச் சொல்ல வேணும்."

"மெல்லச் சென்னா ஆருக்குக் கேக்கும்?" அவள் உண்மையாகவே கேட்டாள்.

விருந்தாளிகள் மூவரும் வெள்ளைக் காற்சட்டையும் சப்பாத்துமாக மாஸ்டரோடு வந்தார்கள். மரக் காய்கள் பெட்டியோடு வந்திருந்தன. எங்கள் தக்கைகளைக் கண்டதும் ஒருவன் இன்னொருவனின் விலாவில் இடித்தான். ஆனால் மாஸ்டர், விருந்துக்குப் போன வீட்டில் அவர்கள் கோப்பையில்தான் தேத்தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சொல்லி மரக் காய்களைப் பெட்டியிலேயே வைத்துவிட்டார். பெரிய டீச்சர் வாசல் பக்கத்துக் கதிரையில் ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்தார். பக்கம் புரட்டிய சத்தம் ஒரு தரம்கூடக் கேட்கவில்லை.

முதல் மேசையில் தபால்காரர் மகன் தோற்றான். எழுந்து கைகொடுத்துவிட்டு, "நல்லா விளையாடினீங்கள்" என்று கெஞ்சுவதுபோல் மெல்லச் சொன்னான். இரண்டாவது மேசையில் கெலிஓயாப் பெண் வென்றாள். வென்றதும் வாயைத் திறந்தவள் என்னைப் பார்த்தாள், இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் ஒரு மேசை.

அங்கே தோட்டத்துப் பெண்ணுக்கு எதிரே இருந்தவன் ஒரு வக்கீல் வீட்டுப் பையன். கெட்டிக்காரன். அவளுடைய ராஜாவை மூலையில் அடைத்து, ராணியையும் கோட்டையையும் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். அடுத்த நகர்வில் முடிந்துவிடும் என்பது எனக்குத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்தது, கதிரையில் சாய்ந்துவிட்டான். அவள் கைகளின் மேல் உட்கார்ந்து மூன்று பார்வையும் பார்த்தாள். பிறகு ஒரு கையை உருவி, ராஜாவை எடுத்து, முன்னால் நின்ற சிப்பாய்களுக்கு மேலால் தூக்கி, குதிரை போகிற மாதிரி இரண்டு கட்டம் நேரே ஒரு கட்டம் பக்கமாக வெளியே வைத்தாள்.

"இது பிழை!" பையன் எழுந்துவிட்டான். "ராஜா என்ன, குதிரையா?"

"ஒரு தரம் தாண்டலாம்ல?" என்றாள் அவள், நிதானமாக. "அதுக்கு முன்னாடி ராசாவுக்கு யாரும் செக்கு வச்சிருக்கக் கூடாது. நீங்க வைக்கலையே."

"யார் சொன்னது?"

"எங்க மாமா சொன்னாங்க. சும்மா ஆட்டத்துல அத வீணாக்கக் கூடாது, முக்கியமான ஆட்டத்துக்கு வச்சிருக்கணும்னாங்க. சுவத்துலயும் போட்டிருக்கே, ஒரே ஒரு தரம்னு."

எனக்குக் காது சுட்டது. பையன் சுவருக்கு ஓடினான். அவன் பின்னால் மற்ற இருவரும், அவர்களுக்குப் பின்னால் எங்கள் பதினான்கு பேரும். கெலிஓயாப் பெண்ணின் கைகள் வாயிலிருந்து இறங்கின.

"வாசிங்க! பதினொண்டு! வாசிங்க! சலுகை ஈக்கிண்டு எழுதி ஈக்கி!"

"அது கோட்டைக்குப் பின்னாலை போறது! டீச்சர் காட்டினவ!" என்றான் தபால்காரர் மகன், முதல் தடவையாக அப்பாவை அழைக்காமல்.

"அதுண்டு எழுதி ஈக்கா? எழுதி இல்லாட்டி எப்பிடிச் செல்ற?"

"'பலகையில் காட்டப்படும்' எண்டு கிடக்கு!"

"எனக்கு யாருமே காட்டலையே" என்றாள் தோட்டத்துப் பெண். சத்தத்துக்கு நடுவில் அது எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

பெரிய டீச்சர் புத்தகத்தை மூடிக்கொண்டு எழுந்தார். மண்டபம் சட்டென்று அடங்கியது. பிள்ளைகள் பதினான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதில், என்ன நடந்துவிட்டது என்று அவர்களுக்கு விளங்கிவிட்டதை நான் கண்டேன்.

"பிழை என்னுடையது, பெரிய டீச்சர்" என்றேன். மாஸ்டரிடமும் பையனிடமும் திரும்பி அதையே சொன்னேன். பதினொன்றாவது விதியை அரைகுறையாக எழுதியது நான், காட்டிய நாளில் வராத பிள்ளைக்கு அடுத்த வாரம் காட்டாமல் விட்டதும் நான். அவள் தெரிந்தே விதி மீறவில்லை.

மாஸ்டர் மீசைக்குள் சிரித்துக்கொண்டு, "அப்படியென்றால் அந்த நகர்வைத் திரும்ப எடுக்கட்டும்" என்றார்.

தோட்டத்துப் பெண் எழுந்து நின்றாள். "வேணாங்க சார். மூணாவதுல, தொட்டா நகர்த்தணும்னு இருக்கு. ராசாவத் தொட்டுட்டேன்." ராஜாவைப் பழைய கட்டத்தில் வைத்து, போகக்கூடிய ஒரே ஒரு கட்டத்துக்குத் தள்ளினாள். பையன் ராணியை நகர்த்தினான். ஆட்டம் முடிந்தது. அவள் தலையை ஆட்டி, "சரிங்க" என்றாள்.

பையன் போகவில்லை. வென்றவனின் முகமாகவும் அது இல்லை. பலகையின் மேல் குனிந்தான்.

"அந்தத் தாண்டுறது... உங்கட மாமாவிட்ட இன்னும் என்ன விதி இருக்கு?"

"சிப்பாய் மொதல்லயும் ஒரு கட்டந்தான் போவும். குதிரை நின்ன வரிசையில போயிச் சேந்தா குதிரைதான் ஆகும், ராணி ஆவாது."

"வா, அப்படியே ஒன்று போடுவோம்."

அவள் என்னைப் பார்த்தாள். ரயிலுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. போட்டார்கள். அவனுடைய ராஜா ஒருமுறை தாண்டியபோது அவன் நண்பர்கள் சிரித்து விழுந்தார்கள்; தாண்டிப்போன இடத்திலும் அவளுடைய குதிரை அடுத்த நகர்விலேயே செக்கு வைத்தபோது அவனே சிரித்துவிட்டான். முப்பதாவது நிமிடம் தோற்றான். மாஸ்டர் அவனைக் காலரில் பிடித்து இழுக்காத குறையாக அழைத்துப்போனார். வாசலில் திரும்பி நின்று, "அடுத்த மாசம் எங்கட விதி, உங்கட விதி, இரண்டிலும்!" என்று கத்திவிட்டுப் போனான்.

அடுத்த மாதம் என்ற சொல் மண்டபத்தில் நின்றது. பிள்ளைகள் தக்கைகளைப் பெட்டிகளில் அடுக்கினார்கள், வாங்குகளைச் சுவரோடு சேர்த்துப் போட்டார்கள், ஒருவரும் சொல்லாமலே கூட்டினார்கள். மண்டபம் அவ்வளவு சுத்தமாக அதற்கு முன் இருந்ததில்லை.

பெரிய டீச்சர் பட்டியலின் முன் நின்று பதினேழையும் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"சத்தம் கேட்டது, பிள்ளை."

"ஓம், பெரிய டீச்சர்."

"வாசலிலை இருந்த எனக்கு மட்டுமில்லை, அங்கை மீன்கடையிலை நிண்டவனுக்கும் கேட்டிருக்கும்." பிள்ளைகளில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். "ஆனா நான் ஒண்டு பாத்தன். அந்தப் பெடியன் பிழையெண்டவுடனை இதுகள் ஒண்டும் அவனை அடிக்கப் போகேல்லை, காயளைத் தட்டிக் கொட்டேல்லை. எல்லாம் ஓடிப்போய்ச் சுவரிலை வாசிச்சுதுகள். வாசிச்சுப்போட்டுத்தான் கத்தினதுகள். இருபது வருசமாய்ப் படிப்பிக்கிறன், கத்த முந்தி வாசிக்கிற பிள்ளையளை இண்டைக்குத்தான் கண்டனான்."

"அப்ப மண்டபம்?" கெலிஓயாப் பெண்ணால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"மண்டபம் உங்களுக்கு. தையல் விறாந்தையிலை நடக்கட்டும், வெளிச்சமும் அங்கைதான் நல்லம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா பிள்ளை, உம்முடைய பட்டியலை நான் இனி நம்பமாட்டன். புதிசாய் எழுதும். எழுதிப்போட்டு ஒட்ட முந்தி இதுகளிட்டைக் குடும். இதுகள் திருத்தட்டும்."

அன்று கத்தியதை அவர் சண்டைச் சத்தம் என்று கணக்கெடுத்தாரோ தெரியாது. மீன்கடைக்காரருக்கு நிச்சயம் கேட்டிருக்கும்.

அந்த வாரம் முழுக்க, கடைசி நோயாளி போனபிறகு எழுதினேன். ராஜா ஒளியும் நகர்வுக்குப் படத்தோடு ஒரு பத்தி. செய்யக்கூடியவை ஒரு பக்கம், செய்யக்கூடாதவை ஒரு பக்கம். வீட்டு விதிகளுக்குத் தனியாக ஒரு தாள்: தோட்டத்து விதி, கெலிஓயா விதி, தபால் கந்தோர் விதி; ஆடுமுன் இரண்டு பேரும் எதை ஒப்புக்கொள்கிறார்களோ அதன்படி ஆடலாம். மொத்தம் முப்பத்தொரு விதிகள். மூன்று தரம் சரிபார்த்தேன். ஒரு ஓட்டைகூட இல்லை என்று எனக்கு நிச்சயம்.

சனிக்கிழமை தாளை மேசையில் விரித்தேன். பதினான்கு தலைகள் குனிந்தன. கெலிஓயாப் பெண் உரக்க வாசித்தாள், தபால்காரர் மகன் என் சிறு புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் "ஓம்" என்றான். முப்பத்தொன்றாவதும் வந்து, அதற்கும் ஓம் என்றான். நான் பசைப் போத்தலைத் திறந்தேன்.

"டீச்சர்." தோட்டத்துப் பெண் தாளின் ஓரத்தில் விரலை வைத்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு ராசாவும் பக்கத்துல பக்கத்துல நிக்கலாமா? அது இதுல எங்கயுமே இல்லையே."

இருபத்தெட்டு கண்கள் என்னைப் பார்த்தன. பசைப் போத்தலை மூடிவிட்டு, பேனாவை எடுத்தேன்.